அவர் கன்னமும் என் வேண்டுதலும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும், பிறகு பட்டணத்தில் மூன்று வருடம் படித்தேன். அதோடு சரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் நான் வாய் திறப்பதில்லை. கல்யாணப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டும் என்று கேட்க வெட்கப்பட்டு, பாதி வயிற்றோடு எழுந்து வந்தவள். இப்படிப்பட்டவள் மனிதப் பிறவி எதற்கு என்பதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வருடம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் அதை வரவேற்கவில்லை. திருடனைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். அதை மட்டும் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மலாக்கா பக்கம் புலாவ் செபாங் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். ரப்பர் பால் மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுச் செம்பனை நட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரரும் நானும் ஜோடியாக வேலை செய்தோம். அவர் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை வெட்டுவார். குலை விழும்போது சிதறும் உதிரிப் பழங்களை நான் கோணியில் பொறுக்குவேன். வெட்டுவதற்கு முன்னால் "தள்ளு!" என்று சத்தம் போடுவார். நான் தள்ளி நிற்பேன். இருபது, முப்பது கிலோ குலை தலையில் விழுந்தால் ஆள் இருக்காது. ஒரு நாளில் எத்தனை தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. மற்றபடி அவர் அதிகம் பேசமாட்டார். நானும் பேசமாட்டேன். இரண்டு ஊமைகள் குடும்பம் நடத்துகின்றன என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார்.

எங்களுக்கு ஒரே பெண். அவளுக்கு நாலு வயதில் கடுமையான காய்ச்சல் வந்து இழுப்பு வந்தது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கண் திறக்காமல் கிடந்தாள். மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லாமல் அவரை மட்டும் வெளியே கூப்பிட்டுப் பேசினார். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு வேண்டிக்கொண்டேன்: ஆத்தா, பிள்ளையைக் கொடுத்துவிடு, இவள் அப்பா மூன்று வருடம் அலகு குத்தி உனக்குக் காவடி எடுப்பார்.

எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பெண்கள் வேண்டிக்கொள்வோம், ஆண்கள் எடுப்பார்கள். பிள்ளைக்கு மொட்டை போடுவதாக வேண்டும்போது பிள்ளையைக் கேட்பதில்லை. புருஷன் காவடி எடுப்பான் என்று வேண்டும்போது புருஷனையும் கேட்பதில்லை. பிறகு சொன்னால் போதும். பிள்ளை பிழைத்து, தோட்டத்துக்குத் திரும்பி, சோறு போடும்போது நான் சொன்னேன். அவர் "சரி" என்றார். அந்த ஒரு சொல்தான்.

முதல் வருடம் எடுத்தார். இரண்டாம் வருடமும் எடுத்தார். நான் முக்காலியும் எலுமிச்சம்பழமும் தண்ணீர்ப் போத்தலும் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் நிற்கும் இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார வைத்து, கால் பிடித்துவிடுவேன். இரண்டாம் வருடம் கோயில் பூசை செய்யும் பண்டாரம் அவர் கன்னத்தில் வேல் ஏற்றியபோது ஒரு சொட்டு ரத்தம் வந்தது. விரதம் சுத்தமாக இருந்தால் ரத்தம் வராது என்பது எங்கள் நம்பிக்கை. பக்கத்து வீட்டு அக்கா என் காதருகில் வந்தார்.

"என்னா புள்ள, வெரதத்துல எங்கியாச்சும் வழுக்கிட்டாரா ஒன் வீட்டுக்காரரு?"

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் சட்டையை முகர்ந்து பார்க்கத் தொடங்கினேன். முன்பு அவர் குடிப்பார். சம்பள நாளில் கட்டாயம், மற்ற நாளில் முடிந்தபோது. பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டில் குடித்து நான் பார்க்கவில்லை. வீட்டில் குடிக்காதவர் வெளியே குடிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சட்டையில் வியர்வையும் செம்பனை எண்ணெய் வாடையும் மட்டும் இருந்தன. இல்லாத வாடையும் எனக்குச் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. வெற்றிலை போட்டு மறைக்கிறாரோ, வேறு எங்காவது சட்டை மாற்றிக்கொள்கிறாரோ என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கின.

ஒரு ஞாயிறு காலை எட்டரைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மோட்டாரை எடுத்தார். எங்கே என்று கேட்டேன். "பட்டணத்துல ஒரு பேச்சு, கேட்டுட்டு வரேன்" என்றார். பன்னிரண்டு மணிக்கு வந்தார். அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும். யார் பேசுகிறார்கள் என்று கேட்டதற்கு, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், தையல் கடைக்கு மேல் மாடியில், ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பேசுகிறோம் என்றார்.

"என்னா பேசுறீங்க?"

"எதுக்குப் பொறந்தோம்னு பேசுறோம்."

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். ஒரு ஆம்பிளை ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் எதற்குப் பிறந்தோம் என்று பேசிவிட்டு வருகிறான் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டு அக்கா நம்பவில்லை.

"மெர்லிமாவ் பக்கம் எங்க சித்தப்பா மவன் இருந்தான்லா, அவனும் இப்படித்தான். தியானம், பேச்சுன்னு போனான். ஒரு நாளு மொட்டயடிச்சிக்கிட்டு இந்தியாவுக்குப் போயிட்டான். பொண்டாட்டி ரெண்டு புள்ளயோட நிக்கிறா. அதாச்சும் பரவால்ல. இன்னொரு வகையும் இருக்கு."

"என்ன வகைக்கா?"

"மாடியில ஏழெட்டுப் பேருன்னாரே, அதுல பொம்பள எத்தினின்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லும் பதிலை நான் நம்பியிருக்க மாட்டேன். அதனால் வேறு வழி பார்த்தேன். ஞாயிறு காலை அவர் குளிக்கும்போது மோட்டாரின் மீட்டரைப் பார்த்து, சாமிப் படம் போட்ட நாட்காட்டியில் அந்த எண்ணைப் பென்சிலால் சின்னதாக எழுதி வைப்பேன். அவர் திரும்பி வந்து தூங்கும்போது மறுபடியும் போய்ப் பார்ப்பேன். புலாவ் செபாங்குக்குப் போய்வர பதினெட்டு கிலோமீட்டர். நாலு வாரம் பதினெட்டாகவே இருந்தது. ஐந்தாம் வாரம் இருபத்து நாலு.

அந்த ஆறு கிலோமீட்டர் என்னைத் தூங்கவிடவில்லை. வேலைக்காட்டிலும் அதே நினைப்பு. அவரும் மாறிக்கொண்டிருந்தார். இறைச்சி, மீன் எதையும் தொடவில்லை. மட்டைகளை அடுக்கிவிட்டு மரத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "தள்ளு" என்று சத்தம் போடுவதையும் விட்டுவிட்டார். அரிவாள் கம்பால் மரத்தை இரண்டு தட்டு தட்டுவார், அவ்வளவுதான். நான் அந்தத் தட்டலுக்குக் காது கொடுத்தே வேலை செய்ய வேண்டியிருந்தது. என்னோடு பேசும் அந்த ஒரு சொல்லையும் மிச்சம் பிடிக்கிறார், யாரிடம் கொண்டுபோய்க் கொட்டுகிறாரோ என்று நினைத்தேன்.

இறைச்சியை விட்டதில் மட்டும் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. மூன்றாம் வருடக் காவடி வருகிறது, இந்தத் தடவை ரத்தம் வரக்கூடாது என்று முன்கூட்டியே விரதம் தொடங்கிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். இந்த வருடம் முடிந்தால் பிள்ளைக்காகச் சொன்ன சொல் முடிந்தது. அதற்குப் பிறகு அவள் என்னுடையவள். அதுவரைக்கும் அவள் ஆத்தாவிடமிருந்து இரவலாக வந்தவள் என்றுதான் என் மனதில் இருந்தது. ஏழு வயதாகியும் அவள் தும்மினால் என் நெஞ்சு திடுக்கிடும்.

காப்புக் கட்ட ஒரு வாரம் இருக்கும்போது ஒரு மாலையில் சாப்பிட உட்கார்ந்தோம். பெண் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாம எதுக்குப் பொறந்தோம்னு நீ எப்பவாச்சும் யோசிச்சிருக்கியா?"

"நாளைக்கு என்ன கொழம்புன்னு யோசிக்கவே எனக்கு நேரம் இல்ல."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நானும் பேச்சை மாற்றலாம் என்று, காப்புக்கு மஞ்சள் துணி வாங்க வேண்டும் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இந்த வருசம் நான் எடுக்கல" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"எடுக்கலன்னா? மூணு வருசம்னு சொல்லியிருக்கு."

"நீ சொல்லியிருக்க."

"புள்ளைக்காகச் சொன்னேன்."

"புள்ள எனக்கும் புள்ளதான். நான் எடுக்கல."

கையைக் கழுவிவிட்டு வெளியே போய் மோட்டாரைத் துடைத்தார். பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அன்று அவளுக்கு லேசாகச் சளி இருந்தது. இருமினாள். அந்த இருமலைக் கேட்டதும் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஆத்தா காதில் அவர் சொன்னது விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றால், நான் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன், அப்படித்தான். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுக்கும்போது வேலை வாங்கும் மண்டோர் அவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்க சாமி. எதுக்குப் பொறந்தோம்னு கண்டுபிடிச்சிட்டீங்களா? எனக்கும் சொன்னா நானும் லீவு போட்டுருவேன்லா."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு எதுக்கு மண்டோர்? நீங்க எங்கள வெரட்டத்தான் பொறந்தீங்க" என்றார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். மண்டோரும் சிரித்தார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "சும்மா சொல்றேன் தம்பி. பொறந்தோம், வேல செய்யிறோம், புள்ள குட்டிக்குச் சோறு போடுறோம், போய்ச் சேர்றோம். இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு? காவடிய எடுத்துட்டுப் போ. ஒரு நாளு வேலதான்" என்றார். எனக்கு மண்டோர் பேச்சு பிடித்திருந்தது. ஆனால் என் வீட்டுக்காரர் அன்று மரத்தை இரண்டு தட்டுக்குப் பதில் ஒரே தட்டுதான் தட்டினார்.

அந்த ஞாயிறு நானே போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அவர் போன பிறகு பெண்ணை அக்காவிடம் விட்டுவிட்டு, பசாரில் காய்கறி வாங்கப் போகிறேன் என்று பஸ் ஏறினேன். தனியாகப் பட்டணத்துக்குப் போவது எனக்குப் பழக்கமில்லை. பஸ்ஸில் கண்டக்டர் எங்கே என்று கேட்டதற்கே நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. புகைவண்டி நிலையத்துக்கு எதிர் வரிசைக் கடைகளில் அந்தத் தையல் கடை இருந்தது. ஞாயிறு என்பதால் பூட்டியிருந்தது. பக்கவாட்டில் ஒரு குறுகலான மரப்படி மேலே போனது. படியடியில் செருப்புகள் கிடந்தன.

நான் செருப்புகளை எண்ணினேன். ஒன்பது ஜோடி. அவருடையது வார் தைத்த கறுப்புச் செருப்பு, அது எனக்குத் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே ஒரு பெண் செருப்பு. குதிகால் கொஞ்சம் உயரம். பழுப்பு நிறம், பித்தளைப் பூட்டு. இரண்டும் ஒட்டிக் கிடந்தன. ஒன்பது பேர் கழற்றிப் போடும் இடத்தில் செருப்புகள் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. என் நீல ரப்பர் செருப்பை அந்தக் குவியலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு நாலு படி ஏறி நின்றேன். அதற்கு மேல் கால் போகவில்லை.

மேலே குரல்கள் தெளிவாகக் கேட்டன. வயதான குரல் ஒன்று, அது தபால்காரராக இருக்க வேண்டும், முதலில் என் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னது. பக்கத்து ஊரான தம்பினிலிருந்து பஸ் ஏறி வர முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றும், இந்தத் தம்பிதான் சில வாரம் வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொண்டு வருகிறார் என்றும் சொன்னது. என் ஆறு கிலோமீட்டர் அங்கே போயிருக்கிறது. ஒரு சந்தேகம் தீர்ந்தது. ஆனால் ஒன்று தீர்ந்தால் மற்றவை எல்லாம் நிமிர்ந்து உட்காரும்.

"சரி, போன வாரம் விட்ட எடத்துலேந்து தொடங்குவோம்" என்றது அந்தக் குரல். "நான் எதுவும் சொல்லித் தர வரல. எனக்கே தெரியாது. முப்பது வருசம் அடுத்தவங்க கடுதாசியத் தூக்கிட்டு அலஞ்சேன். எனக்கு வந்தத ஒக்காந்து படிக்க நேரமில்ல. அதான் இப்பக் கேக்குறேன். ஆளுக்கு ஒன்னு சொல்லுங்க. வாழ்க்கை எதுக்கு?"

ஒருவர், "புள்ளைங்களக் கரை சேக்க" என்றார். இன்னொருவர், "திரும்பப் பொறக்காம இருக்க" என்றார். பிறகு ஒரு பெண் குரல். நான் படியின் கைப்பிடியை இறுக்கினேன்.

"எதுக்கும் இல்ல சார். பொறந்துட்டோம், இருக்கோம். நான் கிளினிக்ல வேல செய்றேன். தினமும் பாக்குறேன். ஒருத்தருக்கும் எதுக்குன்னு தெரியாது, மருந்து மட்டும் ஒழுங்கா கேட்டு வாங்கிக்கிறாங்க."

"இது பதிலாம்மா, சோம்பேறித்தனமா?"

"ரெண்டும்தான் சார்."

சிரித்தார்கள். அவள் குரல் ஐம்பது வயதுக் குரல், சளி கட்டிய குரல். அதுவும் எனக்கு முழு நிம்மதி தரவில்லை.

"தம்பி, ஒன்னும் சொல்லாம இருக்கீங்களே" என்றார் தபால்காரர். பிறகு என் வீட்டுக்காரர் பேசினார். பத்து வருடக் குடும்பத்தில் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"எனக்கு எதுக்குன்னு தெரியல அண்ணே. யாரும் என்னய எதையும் கேட்டதில்ல. அதான் இங்க வரேன், இங்கதான் கேக்குறீங்க. பள்ளிக்கூடத்த விட்டு வேலைக்குப் போடான்னாங்க, போனேன். கட்டிக்கடான்னாங்க, கட்டிக்கிட்டேன். அதுல கொறயில்ல, நல்ல பொம்பள. புள்ள படுத்துக் கெடந்தப்ப அவ வேண்டிக்கிட்டா. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னா. நான் எடுத்தேன். வலிக்காக சொல்லல. மொத வருசம் சந்தோசமாதான் இருந்துச்சு. ஆனா அந்த ஆஸ்பத்திரியில நானும் வேண்டிக்கிட்டேன் அண்ணே. டாக்டரு என்னய வெளிய கூப்ட்டு, கைவிட்டுட்ட மாதிரி பேசினாரு. மாடிப்படியில ஒக்காந்து, புள்ள பொழச்சா இனிமே சாவுற வரைக்கும் குடிக்க மாட்டேன்னு சொன்னேன். அன்னிலேந்து தொடல. அது எனக்கு எவ்வளவு செரமம்னு எனக்குத்தான் தெரியும். யாருகிட்டயும் சொல்லல. அவ இன்னிக்கு வரைக்கும் என் சட்டைய மோந்து பாக்குறா. என் வேண்டுதல் என்னோடது, அத நான் செய்யிறேன். அவ வேண்டுதலுக்கு என் கன்னம். போன வருசம் வேல் ஏறினப்ப ஒரு நெனப்பு வந்துச்சு. இந்த ஒடம்பு எதுக்குன்னு ஒருத்தி முடிவு பண்ணிட்டா, அதுக்கப்புறம் நான் எதுக்குன்னு."

பிறகு கிளினிக் அம்மாள், "அதுக்காகப் பாதியில விட்டா அந்தப் பொம்பளைக்குப் பயமா இருக்காதா?" என்றாள். அவர் பதில் சொன்னாரா என்று தெரியாது. நான் இறங்கிவிட்டேன். செருப்பைப் போட மறந்து ரோட்டைத் தாண்டி, பஸ் நிற்கும் இடத்தில்தான் போட்டேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தேன். மாடியில் ஒரு சன்னல் திறந்திருந்தது. சன்னலை ஒட்டி ஒரு வெள்ளைச் சட்டை முதுகு தெரிந்தது. அவராகவும் இருக்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் கேட்டது என்னை அப்படியே திருத்திவிட்டது என்று எழுதினால் அது பொய். பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு முதலில் வந்த நினைப்பு: நான் வருவதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நான் கேட்க வேண்டும் என்றே அதைச் சொன்னாரோ? இரண்டாவது நினைப்பு: அப்படியே இருந்தாலும் அதில் எது பொய்? மூன்றாவது நினைப்பு வர வீடு வந்துவிட்டது. காய்கறி வாங்காமல் வெறுங்கையோடு வந்ததைப் பார்த்து அக்கா கேட்டார்.

"பசாருல ஒன்னும் இல்லியா?"

"இல்லக்கா."

"அங்க?"

"அங்கயும் ஒன்னும் இல்லக்கா."

அவர் வந்து சாப்பிட்டார். தட்டு எடுக்கும்போது கேட்டேன்.

"நீங்க குடிக்கிறத எப்ப நிறுத்துனீங்க?"

"ஏன், மோந்து பாத்தியே, தெரியலயா?"

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு முகம் எரிந்தது. அவர் என்னை நேராகப் பார்த்தார். படியில் நின்றவள் நான்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று அந்தப் பார்வையில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

அவர் எடுக்க மாட்டார் என்பது உறுதியாகிவிட்டது. ஆனால் என் பயம் அப்படியே இருந்தது. பெண் இன்னும் இருமிக்கொண்டிருந்தாள். வாழ்க்கை எதற்கு என்று தபால்காரர் என்னைக் கேட்டிருந்தால், இந்தப் பிள்ளைக்கு என்று நான் யோசிக்காமல் சொல்லியிருப்பேன். அப்படிச் சொல்கிறவள் ஆத்தாவிடம் ஏன் அவர் கன்னத்தைக் கொடுத்தேன், என் கன்னம் எங்கே போயிருந்தது என்று அன்று பாத்திரம் கழுவும்போது தோன்றியது.

மறுநாள் வேலை முடிந்து பண்டாரத்திடம் போனேன். கோயில் வாசலில் தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"ஒருத்தருக்காக வேண்டிக்கிட்டத வேற ஒருத்தர் எடுக்கலாங்களா?"

"யாரு வேண்டிக்கிட்டது?"

"நான்."

"யாரு எடுக்கப் போறது?"

"நான்."

பண்டாரம் தேங்காயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் என்னாம்மா வேற ஒருத்தரு? சொன்ன வாயே எடுக்குது. அலகெல்லாம் வேணாம், பால் காவடி எடு. நாள் கணக்கு மட்டும் பாத்துக்க" என்றார். நான் நாள் கணக்கு பார்த்து வைத்திருந்தேன். தலையாட்டினேன்.

காப்புக் கட்டிக்கொண்டு வந்ததும் அக்கா வாசலிலேயே நிறுத்தினார். "புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நீ தூக்குறியா? ஊரு சிரிக்கும்லா. அந்த மாடிக் கூட்டம் ஒன் வீட்டுக்காரர மட்டும் கெடுக்கல, ஒன்னயும் சேத்துக் கெடுத்துருச்சு." அவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். என் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தையும் சந்தேகப்பட்டேன். மனதுக்குள் சிரிக்கிறாரோ, தப்பித்தோம் என்று நினைக்கிறாரோ என்று. பெண்தான் கேட்டாள்.

"அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லயாம்மா?"

"இல்ல. இது அம்மா சொன்னது. அம்மாதான் எடுக்கணும்."

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடிந்து நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது மோட்டார் இல்லை. அவரும் இல்லை. வெள்ளைச் சட்டை ஆணியில் இல்லை. சரி, அந்த மாடிக்குப் போய்விட்டார் என்று புரிந்தது. அழக்கூட நேரம் இல்லை. அக்கா வாய் எப்படி இருந்தாலும் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று எண்ணியிருந்தேன். கடைசி நேரத்தில் அக்காவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. பெண்ணின் கையில் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, ஆற்றோரம் போய், பண்டாரம் தூக்கி வைத்த காவடியைத் தோளில் வாங்கினேன்.

கோயில் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். முதல் கிலோமீட்டரில் நான் ஆத்தாவை நினைக்கவில்லை. யார் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கூட்டத்தில் வாய் திறக்காதவள், மயில் தோகையும் பால் செம்புமாக நடுரோட்டில் நடந்தேன். பறை அடித்தவர்கள் எனக்கும் சேர்த்து அடித்தார்கள். தோள் கழன்றுவிடும்போல் இருந்தது. தார் சுட்டது. இரண்டு வருடம் இவர் இதற்கும் மேலே கன்னத்தில் கம்பியோடு நடந்தார், நான் பின்னால் நடந்துகொண்டு ரத்தம் ஏன் வந்தது என்று கணக்குப் பார்த்தேன்.

ஸ்டோர் திருப்பத்தில் கால் பின்னியது. நிற்க வேண்டும், ஆனால் உட்கார எதுவும் இல்லை. அப்போது எனக்கு முன்னால் தரையில் முக்காலி வைக்கப்பட்டது. எங்கள் வீட்டு முக்காலிதான், கட்டையான ஒரு காலுக்குத் துணி சுற்றியது. வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு அவர் குனிந்து நின்றார். நான் உட்கார்ந்தேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றி என் காலைப் பிடித்துவிட்டார். மண்டோர் கூட்டத்திலிருந்து, "என்னா சாமி, இதுக்குத்தான் பொறந்தீங்களா?" என்று கத்தினார். சிரிப்பு எழுந்தது. அவர் தலை நிமிராமல், "இன்னிக்கு மட்டும்லா மண்டோர்" என்றார்.

கோயில் வரைக்கும் வந்தார். மூன்று இடத்தில் முக்காலி போட்டார். என்னோடு ஒரு சொல் பேசவில்லை. பால் இறக்கியதும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு கஞ்சி வாங்கப் போனார்.

சாயங்காலம் அவர் படுத்த பிறகு நான் போய் மீட்டரைப் பார்த்தேன். முந்தின ராத்திரி எழுதி வைத்த எண்ணிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் கூடியிருந்தது. பட்டணம் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். மாடி ஏறிப் பேச்சைத் தொடங்கிவிட்டுப் பாதியில் எழுந்தாரா, படியடியிலேயே திரும்பினாரா, இல்லை வர மாட்டேன் என்று சொல்லத்தான் போனாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது ஒன்றைச் சொல்லியிருப்பார்.

மறுநாள் திங்கட்கிழமை. பெண்ணுக்கு இருமல் இருந்ததால் கிளினிக்கில் மருந்து வாங்கிக் கொடுக்கும்படி அக்காவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பெரட்டுக்குப் போனோம். என் வலது தோள் வீங்கியிருந்ததால் கோணியை இடது பக்கம் இழுத்தேன். முதல் மரத்தில் அவர் "தள்ளு" என்றார். நான் தள்ளி நின்றேன். குலை விழுந்தது.